கேட்டதனால் உண்டான பூச்சியம்

ஆசிரியத் தொழிலில் சில ஆண்டுகள் கழித்தோர்க்கு, மாணவர் ஒருவர் கையில் மடித்த கடிதத்துடன் அறைவாயிலில் வந்து நிற்பது புதிய காட்சியன்று. விடுப்பு வேண்டுவார், கட்டணத்திற்குத் தவணை வேண்டுவார், மதிப்பெண்ணில் இரண்டொன்று கூட்ட வேண்டுவார் எனப் பலரை யாம் கண்டிருக்கின்றோம். ஆயினும் சில ஆண்டுகளுக்கு முன் ஒரு பிற்பகலில் வந்து நின்ற இளைஞர் எதனையும் வேண்டினாரல்லர். கடிதத்தை எமது மேசைமேல் விரித்து வைத்து, "ஐயா, நான் பூச்சியம் வாங்கவில்லை, தேர்வுக்கே வரவில்லை" என்று மட்டும் கூறி நின்றார்.

கடிதம் எமது துறையிலிருந்து சென்றது. அடியில் இருந்தது எமது கையொப்பம். "தங்கள் குமாரர் இடைத்தேர்வில் 100க்கு 0 பெற்றுத் தேறாதோர் வரிசையில் உள்ளார், இந்நிலை நீடிப்பின் அவருக்கு அளிக்கப்பட்டு வரும் கட்டணச் சலுகை மீண்டும் ஆராயப்படும்" என்பது அதன் சாரம். உறையின்மேல் அவர் தந்தையாரின் பெயர் காணப்பட்டது. அத்தந்தையார் தேர்வு நிகழ்ந்த வாரத்திலேயே காலமாயினார் என்பதும், அதனாலேயே இம்மாணவர் தேர்வெழுத வந்திலர் என்பதும் யாம் அறிந்த செய்திகளே. விடுப்பு விண்ணப்பத்தில் ஒப்பமிட்டவரும் யாமே. உறையைப் பிரித்துப் படித்தவர் அவருடைய தாயார்.

அன்று யாம் உற்ற நாணத்தை ஈண்டு விரித்துரைக்கப் புகுந்திலேம். கடிதங்களை அச்சிட்டது கணிப்பொறி. அங்ஙனம் அச்சிடுமாறு அதற்குக் கற்பித்த நிரலோ எம்முடையது. மாணவரை அமரச் செய்து, அவர் முன்னிலையிலேயே நிரலை வரிவரியாகப் படித்துச் சென்றோம். எழுத்துப்பிழை ஒன்றேனும் இல்லை. மதிப்பெண் பட்டியலில் அவர் பெயருக்கு நேரே பூச்சியம் இட்டாரும் இல்லை. அப்பட்டியலில் அவர் வரிசை எண்ணே காணப்படவில்லை. பின்னர் அப்பூச்சியம் எங்கிருந்து வந்தது? அன்று மாலை விளக்கேற்றும் வேளைவரை இருந்து கண்ட விடை எம்மை வியப்பிலும் ஆழ்த்தியது, வருத்தத்திலும் ஆழ்த்தியது. "இவருக்கு மதிப்பெண் உண்டா?" என்று நிரல் கேட்டதனாலேயே அப்பூச்சியம் பிறந்தது.

இது விளங்க வேண்டுமாயின், கணிப்பொறியின் நினைவகத்தில் பெயர்கள் இடம் பெறும் வகையைச் சிறிது சொல்லுதல் வேண்டும். கணிப்பொறித் துறை சாராத நேயர்கள் நமது கல்லூரி மாணவர் விடுதியை மனத்திற் கொள்வாராக. விடுதிக் காப்பாளரிடம் ஒரு பதிவேடு உண்டு. அதில் பெயரும் அறை எண்ணும் எழுதப்பட்டிருக்கும். நிரலில் யாம் வழங்கும் 'மாறி' என்பது பதிவேட்டில் உள்ள பெயர். நினைவகத்தில் அதற்கு ஒதுக்கிய இடமே அறை. அதில் வைக்கும் மதிப்பே குடியிருப்பவர். இப்பொழுது ஓர் அறையில் ஆள் இல்லை என்று ஒருவர் சொன்னால், அச்சொல்லுக்குப் பொருள் ஒன்றன்று. பெயரே பதிவேட்டில் இல்லாதிருக்கலாம். அவருக்காக விடுதி ஓரடி நிலமும் செலவிடுவதில்லை. பெயரும் உண்டு, அறையும் உண்டு, ஆள் மட்டும் இன்னும் வந்து சேராதிருக்கலாம். அங்கே அறை செலவாகிவிட்டது. ஆள் இருந்து வெளியேறிய பின்னும் பெயர் அடிக்கப்படாதிருக்கலாம். அப்பொழுதும் அறை செலவே. நம் முன்னோராகிய தருக்க நூலார் இல்லாமையைத் தோன்றுமுன் இல்லாமை, அழிந்தபின் இல்லாமை, எக்காலத்தும் இல்லாமை, ஒன்று மற்றொன்றாய் இல்லாமை என நான்காக வகுத்தனர். கல்லூரியில் பயின்ற காலத்தில் யாம் இதனை வீண் நுணுக்கமென்று எள்ளியதுண்டு. அவ்வெள்ளலை இங்கே திரும்பப் பெற்றுக்கொள்கின்றோம்.

சி போன்ற மொழிகளில் மாறியைப் பயன்படுத்துமுன் இன்ன பெயர், இன்ன வகை என அறிவித்தே தீரவேண்டும். அறிவித்த செயற்கூற்றகத்து மாறியில் மதிப்பு ஒன்றும் இடாமல் படித்தால், அவ்வறையில் முன்பு குடியிருந்தவர் விட்டுச் சென்ற கந்தல் கையில் அகப்படும். ஸ்கிரிப்டிங் மொழிகள் எனப்படுவன இவ்விடரைப் பெரும்பாலும் ஒழித்துவிட்டன. அவற்றுட் பல, முன்னறிவிப்பே வேண்டாதன. எழுதுவோர்க்கு எளிமை தரவேண்டும் என்பது அவற்றின் நோக்கம். ஆகவே அறியாத பெயர் ஒன்று எதிர்ப்படும்போது என் செய்வது என்னும் கேள்விக்கு ஒவ்வொரு மொழியும் தன்தன் போக்கில் விடை கண்டது.

எமது நிரல் எழுதப்பட்டது 'ஆக்' என்னும் மொழியில். ஏஹோ, வைன்பெர்கர், கெர்னிகன் என்னும் மூவர் 1977இல் பெல் ஆய்வுக்கூடத்தில் இதனை ஆக்கினர். அவர்தம் பெயர்களின் முதலெழுத்துக்களே மொழியின் பெயராயின. வரிசை வரிசையாக உள்ள பட்டியல்களைக் கூட்டவும் பிரிக்கவும் இதனினும் எளிய கருவியை யாம் கண்டிலேம். இன்றும் அக்கருத்தே உடையோம். இம்மொழியில் மதிப்பிடப்படாத மாறி ஒன்று, சொல்லாக நோக்குவார்க்கு வெற்றுச் சொல்லாகவும், எண்ணாக நோக்குவார்க்குப் பூச்சியமாகவும் தோன்றும். கூட்டுத்தொகையைத் தொடங்குமுன் "மொத்தம் பூச்சியம்" என்று எழுதும் வேலை இதனால் மிச்சம். இவ்வசதியை யாம் எத்தனையோ முறை மாணவர்க்குப் புகழ்ந்து கூறியிருக்கின்றோம்.

இம்மொழியின் அணிகளிலோ மற்றொரு விதியும் உண்டு. அணி என்பது ஒரே பெயரின்கீழ் பல அறைகள் உடைய நெடுங்கட்டிடம்; வரிசை எண்ணைச் சொன்னால் அவ்வெண்ணுக்குரிய அறை திறக்கும். இல்லாத எண்ணைச் சொன்னாலோ, "அவ்வறை இல்லை" என்று மொழி மறுத்துரையாது. அக்கணமே ஓர் அறையைக் கட்டி, பதிவேட்டில் அவ்வெண்ணை எழுதி, உள்ளே வெறுமையை வைத்துத் திறந்து காட்டும். எழுதுவதற்காகக் கேட்டாலும் இவ்வாறே, வெறுமனே பார்ப்பதற்காகக் கேட்டாலும் இவ்வாறே.

நிகழ்ந்தது இது. வகுப்பில் 48 பேர். தேர்வெழுதியோர் 45 பேர். மதிப்பெண் கோப்பில் 45 வரிகளே இருந்தன. நிரல் முதலில் அவற்றைப் படித்து அணியில் வைத்தது. அடுத்து 48 பெயர் கொண்ட பெயர்ப்பட்டியலை எடுத்து, ஒவ்வொருவர் வரிசை எண்ணுக்கும் "மதிப்பெண் வெறுமையா?" என்று வினவி, வெறுமையாயிருந்தோரை 'வாராதோர்' என அச்சிட்டது. மூவர் பெயர் வந்தது, முற்றும் சரி. ஆனால் அவ்வினாவே மூன்று புதிய அறைகளைக் கட்டிவிட்டது. இறுதியில் அணியிலுள்ள அனைத்தையும் எண்ணிக் கூட்டி, 40க்குக் குறைந்தோரைத் தேறாதோர் எனப் பிரித்தபோது, அணியில் 45 அறைகள் அல்ல, 48 அறைகள் இருந்தன. எண்ணாக நோக்கப்பட்ட வெறுமை பூச்சியமாயிற்று. பூச்சியம் 40இற் குறைந்ததே அன்றோ? இங்ஙனம் அம்மூவரும் வாராதோர் பட்டியலிலும் இருந்தனர், தேறாதோர் பட்டியலிலும் இருந்தனர். முதற்பட்டியல் வருகைப் பதிவுக்குச் சென்றது. இரண்டாவது கடிதம் அச்சிடச் சென்றது. இரண்டையும் ஒருங்கே வைத்துப் பார்த்தார் ஒருவருமிலர், யாம் உட்பட.

இன்னும் ஒன்று சொல்ல நாணுகின்றோம், ஆயினும் சொல்லவேண்டும். 45 பேரின் மொத்த மதிப்பெண் 2565, சராசரி 57. நிரல் அதனை 48ஆல் வகுத்து 53.4 என்று காட்டிற்று. அதனை நம்பி, "முன்னையினும் தாழ்ந்துவிட்டீர்கள்" என்று வகுப்பில் அரைமணி நேரம் கடிந்து பேசியிருந்தோம். உண்மையில் வகுப்பு தாழவில்லை.

இவ்வியல்பு ஆக் மொழிக்கு மட்டும் உரியதோ என்று ஆராயப் புகுந்து, பிற மொழிகளின் அகத்தையும் சிறிது துருவினோம். பெர்ல் மொழியை 1987இல் வெளியிட்ட லாரி வால் என்பாரின் வரலாறு மிஷன் கல்லூரியாராகிய நமக்குச் சுவை பயப்பது. அவரும் அவர் மனைவியாரும் மொழியியல் பயின்றது, எழுத்தில்லாத மொழி ஒன்றைக் கண்டு அதற்கு எழுத்து அமைத்து, வேதாகமம் முதலியவற்றை அதில் பெயர்க்கவேண்டும் என்னும் எண்ணத்தால். உடல்நலக் குறைவு காரணமாக அந்நோக்கம் கைகூடவில்லை. அவர் ஆக்கிய மொழியில் 'அன்டெஃப்' என்பது மதிப்பில்லாமையைக் குறிக்கும். அங்கும் அறை தானே முளைக்கும் வழக்கம் உண்டு. ஓர் அறைக்குள் உள்ள பெட்டியில் இன்ன பொருள் உளதா என்று கேட்டால், பொருளை உண்டாக்காது. ஆனால் அறை முன்பு இல்லையாயின் அதனை உண்டாக்கிவிடும். "உளதா" என்று வினவுவதற்கென்றே அமைந்த சொல்லைக்கொண்டு வினவினும் இதுவே நேரும். பைத்தான் மொழியின் அகராதியோ இல்லாத பெயரைக் கேட்டால் பிழையென்று நின்றுவிடும், ஒன்றையும் படையாது. எனினும் 2006இல் வெளிவந்த 2.5ஆம் பதிப்பில் 'டிஃபால்ட்டிக்ட்' என்னும் வேறொரு வகை அகராதி சேர்க்கப்பட்டது. அது சதுர அடைப்புக்குறியிட்டுக் கேட்ட மாத்திரத்தில் படைக்கும். வேண்டுவோர் வேண்டியே பெறும் வசதியாதலின் அதன்மேல் யாம் குறை கூறோம்.

பைத்தானின் செயற்கூறுகளில் வேறொரு நுட்பம் உண்டு. செயற்கூறு ஒன்றினுள் வரும் உள்ளூர்ப் பெயர்கள் எத்தனை என்பது அது ஓடுமுன்னரே எண்ணப்பட்டு, அத்தனை சுட்டுகளுக்கும் இடம் ஒதுக்கப்படுகிறது. மதிப்பு வருமுன் அவ்விடத்தில் வெற்றுச் சுட்டு இருக்கும். 64 பிட் பொறியில் 8 பைட் செலவு. அதனைப் படிக்க முயன்றால் பிழை. 'நன்' என்பதை இட்டுவைத்தாலோ பிழை வாராது. ஏனெனில் நன் என்பது ஒரு மெய்ப்பொருள். 64 பிட் பொறியில் அதற்கு 16 பைட் உடம்பு உண்டு. நிரல் முழுமைக்கும் அஃது ஒன்றே. ஆயிரம் மாறிகள் அதனைச் சுட்டினும் ஆயிரம் நன்கள் பிறப்பதில்லை.

இணையப் பக்கங்களை இயக்கும் ஜாவாஸ்கிரிப்டை 1995இல் பிரண்டன் ஐக் பத்தே நாளில் எழுதினார் என்பர். அவ்விரைவின் வடுக்கள் பல அதில் உள. 'அன்டிஃபைன்டு' எனவும் 'நல்' எனவும் இருவகை வெறுமை அதில் உண்டு. மாறியை அறிவித்து மதிப்பிடாது விட்டால், அதன் அறையில் அன்டிஃபைன்டு வைக்கப்படும். குரோம் உலாவியின் இயந்திரத்தில் அறைதோறும் "ஆளில்லை" என்று தனித்தனிப் பலகை எழுதி மாட்டுவதில்லை. பலகை ஒன்றே, அஃது இருக்குமிடத்தைச் சுட்டும் சீட்டே அறைகளில் இருக்கும். 64 பிட் பொறியில் அச்சீட்டு 8 பைட். குரோம் 2020 முதல் அதனை 4 பைட்டாகச் சுருக்கிற்று. ஆதலின் ஒரு மாறியில் அன்டிஃபைன்டு இட்டால் நினைவகம் முழுதும் மீளும் என்று மாணவர் சிலர் எண்ணுவது பாதியே மெய். அம்மாறி முன்பு சுட்டிய பெரும்பொருளை வேறெவரும் சுட்டாவிடின் அது துப்புரவாகும். சீட்டின் இடம் நிற்கும். அது பொருளொன்றின் உறுப்பாயின் பெயரும் நிற்கும். 'டிலீட்' என்று ஆணையிட்டு நீக்கினாலே பெயர் மறையும். அறிவிக்கவே படாத பெயரோ பைட் ஒன்றும் கொள்ளாது. அதனைப் படித்தால் பிழை எழும். ஆயினும் 'டைப்ஆஃப்' என்று வகை கேட்டால், அறிவிக்காத பெயருக்கும் அறிவித்து மதிப்பிடாத பெயருக்கும் ஒரே விடை கிடைக்கும். இரு வேறு இல்லாமைக்கு ஒரு பெயர்! 2015ஆம் ஆண்டுத் தரப்பாட்டில் 'லெட்' வந்தபோது மூன்றாம் நிலை ஒன்றும் சேர்ந்தது: அறை உண்டு, ஆனால் அறிவிப்பு வரியை எட்டும்வரை கதவைத் தொடலாகாது. இக்கடுமை எமக்கு உவப்பே.

லூவா என்பது ரியோ டி ஜெனிரோ நகரத்துக் கத்தோலிக்கப் பல்கலைக்கழகத்தில் 1993இல் பிறந்த சிறுமொழி. அது இவ்வேறுபாட்டையே ஒழித்துவிட்டது. அங்கே 'நில்' என்பதும் இல்லாமை என்பதும் ஒன்றே. அட்டவணையில் ஓர் உறுப்புக்கு நில் இட்டால் அவ்வுறுப்பு நீங்கியதாகக் கொள்ளப்படும். இல்லாததைக் கேட்டால் நில் விடையாக வரும், ஒன்றும் படைக்கப்படாது. எமது நிரலை லூவாவில் எழுதியிருந்தோமாயின் அக்கடிதம் அவ்வீட்டுக்குச் சென்றிராது.

பி.எச்.பி. மொழியின் வழக்கம் வேறு. ஒரு செயற்கூற்றில் எழுதப்பட்ட ஒவ்வொரு மாறிப் பெயருக்கும், மதிப்பு இடப்பட்டதோ இல்லையோ, 16 பைட் இருக்கை ஒதுக்கப்படுகிறது. 2015இல் வெளிவந்த ஏழாம் பதிப்பு முதல் அவ்விருக்கையின் அளவு இது. 'மொத்தம்' என்று எழுதவேண்டிய இடத்தில் 'மொததம்' என்று கைதவறி எழுதினால் அப்பிழைப் பெயரும் பந்தியில் ஓர் இலை பெற்று அமரும்! படித்தால் வெறுமையை விடையாகத் தந்து, மெல்லிய குறிப்பு ஒன்றைச் சொல்லி மேலே செல்லும். 2020இல் வந்த எட்டாம் பதிப்பு அக்குறிப்பை எச்சரிக்கையாக உயர்த்தியது. யூனிக்ஸ் ஷெல்லோ இயல்பாக அத்துணையும் சொல்லாது. அறியாத மாறியை வெற்றிடமாக்கிக் கட்டளையை நிறைவேற்றும். அழிக்கும் கட்டளையில் ஓர் அடைவின் பெயர் இங்ஙனம் வெற்றிடமாயின், பெயருக்குப் பின் இட்ட சாய்கோடு மட்டும் எஞ்சி, அடைவுகளுக்கெல்லாம் வேரான அடைவையே குறிக்கும். 'செட்' கட்டளையுடன் 'யு' என்னும் விருப்பத்தைச் சேர்த்து இதனைத் தடுத்துக்கொள்ளலாம்.

இவற்றை ஆராய்ந்தபின் எமது நிரலைத் திருத்தியது ஒரே வரியில். ஆக் மொழியில் 'இன்' என்றொரு சொல் உண்டு. "இவ்வெண் இவ்வணியில் உளதா" என்று அதனைக்கொண்டு வினவினால் பதிவேட்டை மட்டுமே பார்க்கும், அறையைக் கட்டாது. நூலில் இது தெளிவாகவே எழுதப்பட்டுள்ளது. மாணவர்க்கு இதனைக் கற்பித்தவரும் யாமே. அவசரத்தில் "வெறுமையா" என்று கேட்டது எமது கை.

அடுத்த வாரம் வகுப்பில் இதனைச் செய்து காட்டினோம். வெற்று அணி ஒன்றை எடுத்து, அதில் இல்லாத 10 லட்சம் எண்களை "வெறுமையா" என்று ஒன்றன்பின் ஒன்றாய்க் கேட்கச் செய்தோம். எதனையும் எழுதவில்லை, கேட்டோம் அவ்வளவே. திரையில் நினைவகச் செலவு பல பத்து மெகாபைட் அளவு ஏறியதை மாணவர் எழுந்து நின்று பார்த்தனர். பின்னர் 'இன்' என்னும் சொல்லால் அவற்றையே கேட்டபோது அளவு அசையவில்லை. சராசரி 57 என்பதையும் அவ்வமயமே கூறி, முன்பு கடிந்ததற்கு வருத்தம் தெரிவித்துக்கொண்டோம். பின்வரிசையிலிருந்து ஒருவர், "அந்த அரைமணி நேரத்தை எப்படி ஐயா டிலீட் செய்வது?" என்று வினவ, வகுப்பு நகைத்தது; யாமும் நகைத்தோம். கடிதம் கொணர்ந்த மாணவர் நகைத்தாரா என்று பார்க்க எமக்குத் துணிவு பிறக்கவில்லை.

கட்டணச் சலுகைக்கு ஊறு நேரவில்லை. திருத்திய பட்டியலை மறுநாளே அலுவலகத்திற் சேர்ப்பித்தோம். எஞ்சிய இருவர் வீட்டிற்கும் மறுகடிதம் சென்றது. இம்மாணவர் வீட்டிற்குரியதை அச்சிடாது கையால் எழுதினோம். உறைமேல் விலாசம் எழுதுவதற்காகச் சேர்க்கைப் பதிவேட்டை எடுத்தபோது, தந்தை பெயர் என்னும் கட்டத்தில் அப்பெயர் முன்போலவே இருந்தது. அதனை அடிப்பதற்கு எமக்கு உரிமையுமில்லை, மனமுமில்லை. காப்பாளர் என்னும் கட்டம் வெறுமையாயிருந்தது. அதில் தாயார் பெயரை எழுதுவித்து, அவர் பெயருக்கே கடிதத்தை விடுத்தோம். அவரிடமிருந்து மறுமொழி வரவில்லை, யாமும் எதிர்பார்த்திலேம்.

அம்மாணவர் மறுதேர்வு எழுதி 71 பெற்றார். அதனை யாம் நிரலிடம் கேட்டறியவில்லை; விடைத்தாளைப் புரட்டிக் கூட்டிப் பார்த்தே அறிந்தோம்.